வைரஸ் காய்ச்சலும் உடலின் தூதுப் புரதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனாவுக்கு முன்பு சி.ஆர்.பி., ஐ.எல்.-6, சைட்டோகைன் புயல் என்றெல்லாம் வீட்டில் யாரும் பேசியதில்லை. 2020, 2021-இல் லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இந்த எண் ஏன் இவ்வளவு?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவை, வைரஸ் தொற்றும்போது செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்கள். அவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்.

சைட்டோகைன் என்றால் என்ன?

ஒரு செல் சுரந்து வெளியே விட, இன்னொரு செல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வாங்கிக்கொள்ளும் சிறிய புரதம். வாங்கிய செல் அதற்கேற்ப நடந்துகொள்ளும்: பெருகும், இடம் பெயரும், ஆயுதம் தயாரிக்கும், சில சமயம் செத்தும் போகும். இன்டர்ஃபெரான்கள், இன்டர்லூகின்கள் (ஐ.எல். என்று எண் போட்டு அழைக்கப்படுபவை), டி.என்.எஃப்., வெள்ளணுக்களைத் தொற்று நடந்த இடத்துக்கு இழுக்கும் கீமோகைன்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அளவு மிகமிகக் குறைவு. ரத்தத்தில் ஐ.எல்.-6-ஐ பிகோகிராம் கணக்கில் அளக்கிறார்கள்; ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிகோகிராம்.

வைரஸ் உள்ளே புகுந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

வைரஸ் தன் மரபுப்பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் செல்லின் தூது ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றுக்கும் முனையில் ஒரு வேதித் தொப்பி உண்டு. பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வில் அந்தத் தொப்பி இருக்காது. மூன்று பாஸ்பேட்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பிடிப்பது ரிக்-ஐ என்ற புரதம். வைரஸ் பெருகும்போது உருவாகும் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது எம்.டி.ஏ.5. இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மாவ்ஸ் என்ற புரதத்துக்குச் செய்தி சொல்கின்றன. அங்கிருந்து சங்கிலியாகப் போய், ஐ.ஆர்.எஃப்.3 என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து இன்டர்ஃபெரான் மரபணுவைத் திறந்துவிடும். எல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

டி.என்.ஏ. வைரஸ்களுக்கு வேறு காவல். டி.என்.ஏ. உட்கருவில் இருக்க வேண்டிய பொருள். செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே அது தென்பட்டால் சிகாஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ஒரு சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். அது ஸ்டிங் என்ற புரதத்தைத் தட்டியெழுப்பும். சிகாஸ் இருப்பதையே அமெரிக்காவில் பணியாற்றும் சிஜியன் சென் குழு 2013-இல்தான் கண்டுபிடித்தது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். இவை போக, செல் விழுங்கும் பொருள்களைச் சோதிக்க 'டோல் போன்ற ஏற்பிகள்' இருக்கின்றன. அந்த ஏற்பிகள் தொடர்பான ஆய்வுகளுக்காக ப்ரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்டர்ஃபெரான் என்னதான் செய்கிறது?

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடுமில்லையா, இன்டர்ஃபெரானின் முதல் வேலை அதுதான். தொற்று கண்ட செல் பெரும்பாலும் பிழைக்காது. அது விடும் புரதம் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது.

பக்கத்துச் செல்லின் ஏற்பியில் இன்டர்ஃபெரான் ஒட்டியதும், உள்பக்கம் காத்திருக்கும் ஜாக்1, டிக்2 என்ற இரண்டு நொதிகள் ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அவை ஜோடி சேர்ந்து, ஐ.ஆர்.எஃப்.9 என்ற மூன்றாமவரோடு உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்குகின்றன. இந்த ஜாக்–ஸ்டாட் பாதையை 1990-களின் தொடக்கத்தில் துலக்கியவர்களில் ஜேம்ஸ் டார்னெல், ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் முக்கியமானவர்கள். இன்று முடக்குவாதத்துக்குத் தரப்படும் 'ஜாக் தடுப்பு' மாத்திரைகள் இந்தப் பாதையில்தான் கை வைக்கின்றன.

திறந்துகொள்ளும் மரபணுக்கள் ஒவ்வொன்றும் ஒருவிதம். பி.கே.ஆர். என்ற புரதம், இரட்டை இழை ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். ஆர்.என்.ஏஸ் எல் கிடைத்த ஆர்.என்.ஏ.வை எல்லாம் வெட்டும். அதில் செல்லின் சொந்த ஆர்.என்.ஏ.வும் போகும். ஐஃபிட்டம்3, இன்ஃப்ளூயன்சா வைரஸ் செல் சவ்வோடு இணையும் இடத்திலேயே மறிக்கும். டெத்தரின், பிறந்து வெளியேறப் பார்க்கும் எச்.ஐ.வி. துகளைச் செல்லின் மேல்தோலிலேயே கட்டிப்போடும். இவற்றில் பல செல்லுக்கும் நஷ்டம்தான். அதனால்தான் உடல் இந்த ஏற்பாட்டை எப்போதும் ஓடவிடாமல், தேவைப்படும்போது மட்டும் இயக்கிப் பிறகு அணைக்கிறது.

இந்த முதல் சில நாட்களின் தடுப்பு எதற்கு என்றால், குறிப்பிட்ட வைரஸையே குறிவைக்கும் டி செல்களும் ஆன்டிபாடிகளும் தயாராக ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தது யார்?

லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், ஸ்காட்லாந்துக்காரரான அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லிண்டன்மனும். கட்டுரை வெளியான ஆண்டு 1957.

ஒரு வைரஸ் தொற்றியிருக்கும் இடத்தில் இன்னொரு வைரஸ் வளரத் தடுமாறுகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது, காரணம்தான் பிடிபடவில்லை. இவர்கள் கருவுற்ற கோழிமுட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வைத் துண்டுகளாக வெட்டி எடுத்தார்கள். சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு அவற்றைத் திரவத்தில் ஊறவிட்டார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து, வைரஸையே காணாத புதிய சவ்வுத் துண்டுகள் மேல் வைத்தார்கள். அடுத்து உயிருள்ள வைரஸைச் சேர்த்துப் பார்த்தால், அது சரியாக வளரவில்லை. அப்படியானால் தடுக்கும் பொருளைச் செல்களே தயாரித்துத் திரவத்தில் விட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'இன்டர்ஃபியர்' என்றால் குறுக்கிடுதல்; குறுக்கிடும் பொருள் என்பதால் இன்டர்ஃபெரான் என்ற பெயர்.

ஜப்பானில் நகானோவும் கோஜிமாவும் முயல்களில் செய்த சோதனைகளில் 1954-இலேயே இதைப் போன்ற 'வைரஸ் தடுப்புக் காரணி' ஒன்றை விவரித்திருந்தார்கள். அவர்கள் பெயர் இந்தக் கதையில் அதிகம் அடிபடாதது நியாயமில்லை.

கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. சுத்தமான இன்டர்ஃபெரான் கிடைக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஃபின்லாந்தில் காரி கான்டெல், ரத்ததானத்தில் கிடைத்த வெள்ளணுக்களில் வைரஸைத் தொற்றவைத்துத் துளித்துளியாகச் சேகரித்தார். 1970-களில் உலகம் அவரைத்தான் நம்பியிருந்தது. 1980 வாக்கில் சார்ல்ஸ் வைஸ்மன், டடாட்சுகு டனிகுச்சி போன்றோர் மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்திய பிறகே அளவாகத் தயாரிக்க முடிந்தது. ஐசக்ஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1967-இலேயே இறந்துவிட்டார்.

இன்டர்ஃபெரானில் எத்தனை வகை?

மூன்று. முதல் வகையில் ஆல்ஃபாவும் பீட்டாவும் முக்கியம். ஏறக்குறைய எல்லாச் செல்லுக்கும் இதை வாங்கும் ஏற்பி உண்டு. இரண்டாம் வகை காமா. இதை டி செல்களும் இயற்கைக் கொல்லிச் செல்களும் சுரக்கின்றன. மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறிய ரத்தத்தில் 'இக்ரா' டெஸ்ட் எடுப்பார்களே, அதில் அளப்பது இந்த காமாவைத்தான். மூன்றாம் வகை லாம்டா, 2003-இல் தெரியவந்தது. இதன் ஏற்பிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதை, குடல் போன்றவற்றின் உள்தோலில்தான் இருக்கின்றன. அதனால் உடம்பு முழுவதையும் கலக்காமல் வாசலிலேயே வேலையை முடிக்கப் பார்க்கும்.

காய்ச்சலும் உடல்வலியும் வைரஸால் வருபவை இல்லையா?

வைரஸ் காரணம்தான், ஆனால் பெரும்பாலும் காய்ச்சலை உண்டாக்குவது நம் சைட்டோகைன்கள். ஐ.எல்.-1, ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆகியவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 சுரக்கக் காரணமாகின்றன. அது உடல் வெப்பத்துக்கான அளவை மேலே நகர்த்திவிடும். உடம்பு இன்னும் 98.6-இல் இருக்க, மூளை 102 வேண்டும் என்று கேட்டால் குளிர் நடுக்கம் வரும், போர்வை தேடுவோம். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் காய்ச்சல் இறங்குகிறது. வைரஸை அது ஒன்றும் செய்வதில்லை. பசியின்மை, எழுந்திருக்கவே பிடிக்காத அசதி இரண்டுக்கும் இதே புரதங்கள்தான் பொறுப்பு.

சந்தேகமிருந்தால், முன்பு ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் அசல் ஃப்ளூ காய்ச்சல் போலவே வரும். உள்ளே ஃப்ளூ வைரஸ் எதுவும் இருக்காது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் வைரஸ் எப்படி ஜெயிக்கிறது?

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறுக்க ஏதாவதொரு வைரஸ் பழகியிருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி-யின் ஒரு நொதி மாவ்ஸ் புரதத்தையே வெட்டிவிடும். எபோலாவின் வி.பி.35 தன் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் போர்த்தி மறைக்கும், வி.பி.24, ஸ்டாட்1 உட்கருவுக்குள் போகும் வழியை அடைக்கும். டெங்குவின் என்.எஸ்.5 ஸ்டாட்2-ஐ அழிக்கும். இன்ஃப்ளூயன்சாவுக்கு என்.எஸ்.1. கொரோனாவின் என்.எஸ்.பி.1 செல்லின் புரதத் தயாரிப்பை முடக்கிவிடுவதால் இன்டர்ஃபெரான் மரபணு திறந்தாலும் புரதம் வெளியே வருவது குறைந்துபோகும். எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ்தான்: இன்டர்ஃபெரான் ஏற்பியைப் போலவே ஒரு போலிப் புரதத்தைத் தயாரித்து வெளியே மிதக்கவிட்டு, வரும் இன்டர்ஃபெரானை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது.

சைட்டோகைன் புயல் என்பது என்ன? ஸ்டீராய்டு எதற்கு?

எச்சரிக்கை அடங்காமல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போய், தொற்றைவிட வீக்கமே (அழற்சியே) அதிகச் சேதம் செய்யும் நிலை. நுரையீரலில் நீர் கோக்கும், ரத்தம் உறையும், உறுப்புகள் தளரும்.

கொரோனாவில் மோசமான பலருக்கு நடந்தது ஒரு விபரீத வரிசை: முதல் வாரத்தில் வர வேண்டிய இன்டர்ஃபெரான் பலவீனமாகவோ தாமதமாகவோ வந்தது, வைரஸ் பெருகியது, பிறகு இரண்டாம் வாரத்தில் ஐ.எல்.-6 உள்ளிட்ட வீக்கப் புரதங்கள் எகிறின. ஆகவே ஒரே மருந்து ஒரு கட்டத்தில் உயிர் காக்கும், இன்னொரு கட்டத்தில் ஆகாது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் இதைத் தெளிவாகக் காட்டியது. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெதாசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும் ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை.

நம் ஊரில் இதன் பிற்பாதி பலர் காதில் விழவில்லை. 2021-இல் காய்ச்சல் கண்ட மறுநாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நோய் புகுந்தது. கண்ணை இழந்தவர்கள் உண்டு. வைரஸோடு போராட வேண்டிய புரதங்களின் வாயைத் தொடக்கத்திலேயே கட்டிவிட்டால் லாபம் வைரஸுக்குத்தான்.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு ஆபத்து என்கிறார்களே, ஏன்?

காய்ச்சல் குறையும்போது ரத்தத்தில் வைரஸும் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் அதற்கு எதிராகக் கிளம்பிய டி செல்களும் டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இவற்றோடு டெங்குவின் என்.எஸ்.1 புரதமும் சேர்ந்து ரத்தக்குழாய்களின் உள்சுவரைத் தளர்த்திவிட, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. பொதுவாக நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இந்தக் கட்டம் வரும். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். இரண்டாவது முறை வேறு ரக டெங்கு தொற்றினால் ஆபத்து கூடுவதற்கு ஒரு காரணம், பழைய ஆன்டிபாடிகள் புதிய ரகத்தைக் கொல்ல முடியாமல், அதைச் செல்லுக்குள் சேர்த்துவிடுவது.

வார்டில் உறவினர்கள் எல்லாரும் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான். டாக்டர் அதே தாளில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியையும் பார்த்துக்கொண்டிருப்பார். நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். கசிவை முதலில் சொல்வது பெரும்பாலும் அந்த எண். காய்ச்சல் விட்டதும் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து படுத்துவிடுவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

ஒரே கொரோனா, சிலரை மட்டும் ஏன் சாய்த்தது?

வயது, சர்க்கரை, உடற்பருமன் எல்லாரும் அறிந்தவை. எதிர்பாராத ஒன்றை ஜான்-லோரன் கசனோவா குழு 2020-இல் வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிமோனியாவோடு இருந்த 987 பேரில் 101 பேருக்கு, முதல் வகை இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருந்தன. அறிகுறியில்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தொற்று வருவதற்கு முன்பே இந்த ஆன்டிபாடி உடம்பில் இருந்திருக்கிறது. கொரோனா வரும்வரை பலருக்கு அது தெரியவே இல்லை. வயது எழுபதைத் தாண்டினால் இது இன்னும் அதிகம் காணப்படுவதையும் அதே குழு பின்னர் காட்டியது. வேறு சிலருக்கு டோல் ஏற்பி–இன்டர்ஃபெரான் பாதையின் மரபணுக்களிலேயே பிறவிக் கோளாறு இருந்தது.

அப்படியானால் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுவிடலாமே?

போட்டுப் பார்த்தார்கள். ஹெபடைட்டிஸ் சி-க்குப் பல ஆண்டுகள் அதுதான் மருந்து: மாதக்கணக்கில் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், மனச்சோர்வு, ரத்த அணுக்கள் குறைவு எல்லாவற்றையும் தாங்கியவர்களிலும் எல்லாருக்கும் குணமாகவில்லை. 2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு, வைரஸையே நேராகத் தாக்கும் மாத்திரைகள் மூன்றே மாதத்தில் பெரும்பாலோரைக் குணப்படுத்த, இன்டர்ஃபெரான் ஒதுங்கிக்கொண்டது.

கொரோனாவில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு பீட்டா கொடுத்ததில் பலனில்லை என்றது உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு. இந்தியாவில் ஆல்ஃபா-2பி வகை ஊசியான விராஃபினுக்கு 2021 ஏப்ரலில் அவசர அனுமதி கிடைத்தது. லாம்டாவை, அறிகுறி தொடங்கிய ஏழு நாட்களுக்குள் ஒரே ஒரு ஊசியாகக் கொடுத்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் என்பதே கையை மீறும் சிக்கல். யாருக்கு நோய் முற்றும் என்று முதல் நாளில் யாருக்குத் தெரியும்?

'இம்யூனிட்டி பூஸ்டர்' குடித்தால் இந்தப் புரதங்கள் கூடுமா?

கூடினால் நல்லது என்று யார் சொன்னது? இன்டர்ஃபெரான் நிரந்தரமாக ஏறிக்கிடப்பது, எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் பிரச்சினை. அதன் ஏற்பியை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்தை 2021-இல் அமெரிக்கா அங்கீகரித்தது. மிளகு ரசம் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். பாட்டிலில் 'எதிர்ப்பு சக்தி' விற்கிறவர்களிடம் எந்தப் புரதம், எந்த நாளில், எவ்வளவு கூடும் என்று கேட்டுப் பாருங்கள்.

தடுப்பூசி போட்டதும் காய்ச்சல் வருவது ஏன்?

அதே காவல் புரதங்கள் ஊசியையும் சந்தேகப்படுவதால். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு இதுவே பெரிய தடையாக இருந்தது: உள்ளே செலுத்திய ஆர்.என்.ஏ.வை வைரஸ் என்று நினைத்து உடம்பு கொந்தளித்தது. அதன் ஓர் எழுத்தை, யூரிடினை, சற்று மாற்றி அமைத்தால் டோல் ஏற்பிகள் கண்டுகொள்வதில்லை என்று கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். 2023-இல் நோபல் கிடைத்தது. காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

வைரஸைச் சுமக்கும் வௌவாலுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

ஆஸ்திரேலியக் கருப்புப் பழந்தின்னி வௌவாலில், தொற்று இல்லாதபோதும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஓரளவு ஓடிக்கொண்டே இருப்பதை 2016-இல் கண்டார்கள். மறுபக்கம் வௌவால்களின் ஸ்டிங் புரதம் சற்று மட்டுப்பட்டது என்று 2018-இல் தெரிந்தது. முதல் தடுப்பு எப்போதும் தயார், வீக்கம் மட்டும் அளவோடு. அதே 2018-இல் கோழிக்கோட்டில் மனிதர்களைக் கொன்ற நிபா வைரஸைப் பழந்தின்னி வௌவால்கள் நோயில்லாமல் சுமக்கின்றன.

சளி பிடித்திருக்கும்போது ஃப்ளூ வராது என்பது உண்மையா?

கொஞ்சம் உண்மை. சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸை மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் முதலில் தொற்றவைத்து, மூன்று நாள் கழித்து எச்1என்1 ஃப்ளூ வைரஸை விட்டபோது அது வெகுவாக முடங்கியது என்று 2020-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. காரணம் இன்டர்ஃபெரான். ஐசக்ஸும் லிண்டன்மனும் முட்டைச் சவ்வில் பார்த்த அதே விஷயம். இதை நம்பி ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். சில நாளில் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும்.

லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி., ஐ.எல்.-6 ஏறியிருந்தால்?

சி.ஆர்.பி. சைட்டோகைன் அல்ல. ஐ.எல்.-6 சொல்லி, கல்லீரல் தயாரிக்கும் புரதம். அளக்க எளிது, விலையும் குறைவு என்பதால் ஐ.எல்.-6-இன் நிழலாக அதைப் பார்க்கிறார்கள். பாக்டீரியாத் தொற்றிலும் ஏறும். பொதுவாக வைரஸைவிட அதில்தான் கூடுதலாக ஏறும். தனி எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மதிப்பு அதிகம்.

ஐ.எல்.-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டவர்களிடம் ஒரு வேடிக்கை நடக்கும். சி.ஆர்.பி. சடசடவென்று இறங்கும், ரத்தத்தில் ஐ.எல்.-6 மட்டும் முன்பைவிட ஏறியிருக்கும். வாங்கிக்கொள்ள ஏற்பி இல்லாததால் அது செலவாகாமல் ரத்தத்தில் தேங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அந்த ஊசிக்குப் பிறகு புதிதாகப் பாக்டீரியா தொற்றினாலும் சி.ஆர்.பி. ஏறாமலே இருக்கலாம். அதனால் அத்தகைய நோயாளிக்கு "சி.ஆர்.பி. நார்மல்" என்ற வரியை மட்டும் வைத்து டாக்டர்கள் நிம்மதியடைவதில்லை.